கடைக்காரர் மனைவியின் சம்பளம் வரி ஏய்ப்பு அல்ல

பட்ஜெட் நெருங்கினால் போதும், தொலைக்காட்சி விவாதங்களில் இந்தப் பேச்சு வந்துவிடும்: மாதச் சம்பளக்காரன் ஒழுங்காக வரி கட்டுகிறான், கடைக்காரன் மனைவி பேரில் சம்பளம் எழுதித் தப்பித்துக்கொள்கிறான். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சட்டத்தை ஒரு தடவை புரட்டியவர்கூட இப்படிப் பேச மாட்டார்.

முதலாவது, "இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள்" என்பது. உறவினருக்கு நியாயமான அளவுக்கு மேல் கொடுத்தால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2) பிரிவின்படி அதிகாரி அந்த மிகையைச் செலவாக ஏற்க மாட்டார்.

இரண்டாவது, "செலவில் கழித்துவிடுகிறார்கள்" என்பது. 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டும் சிறு கடைக்கு, விற்றுமுதலில் குறைந்தது 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்றே கணக்கு. மனைவி சம்பளம் இருக்கட்டும், கடைப் பையன் சம்பளத்தையே அதில் தனியாகக் கழிக்க முடியாது.

மூன்றாவதுதான் கொதிக்க வைக்கிறது: "அந்தம்மா வேலையா பார்க்கிறார்? பேருக்குத்தான்." எந்த மளிகைக் கடையிலாவது விடியற்காலை போய் நின்று பாருங்கள். பால் பாக்கெட்டை எண்ணி இறக்குபவர் அவர். ஏஜென்சி பில்லைச் சரக்கோடு ஒத்துப்பார்ப்பவர் அவர். எந்த வீட்டுக் கடன் எத்தனை மாதமாக நிற்கிறது என்பது நோட்டைத் திறக்காமலே அவருக்குத் தெரியும். கணவர் கொள்முதலுக்குப் போனால் கல்லாவில் உட்காருபவரும் அவரே.

இத்தனைக்கும் சட்டம் அவருக்குச் செய்வது என்ன? 64வது பிரிவின்படி, கணவரின் தொழிலில் மனைவி வாங்கும் சம்பளம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவால் மட்டுமே வந்த சம்பளம் என்றால்தான் விலக்கு. பட்டம் இல்லாவிட்டாலும் அனுபவ அறிவு தகுதியே என்று ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் டாக்டர் கணவரின் கிளினிக்கில் வரவேற்பையும் கணக்கையும் பார்த்த மனைவியின் சம்பளத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் கணவரோடு சேர்த்தது. அதே பெண் பக்கத்துக் கடையில் கணக்கெழுதினால் சம்பளம் அவர் வருமானம். சொந்தக் கடையில் எழுதினால் கணவர் வருமானம். இதில் ஏய்ப்பவர் யார், ஏமாற்றப்படுபவர் யார்?

2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென வந்த புதிய சட்டமும் இந்த விதியை அப்படியே வைத்திருக்கிறது. வேலை நடந்ததா, கூலி நியாயமானதா என்று மட்டும் கேளுங்கள். தகுதி நிபந்தனையை நீக்குங்கள். உழைத்தவர் சம்பளம் உழைத்தவர் கணக்கில்தான் இருக்க வேண்டும்.