ஆய்வை இடைநிறுத்தலாமா?

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் மாணவர் பலர் அண்மைக் காலமாகக் கேட்டுவரும் வினா ஒன்று உண்டு: “வீட்டு நிலைமை சரியில்லை, ஆய்வைச் சில காலம் நிறுத்தி வைக்கலாமா?” கேட்பவர் குரலில் ஒரு குற்றவுணர்வு இருக்கும். தந்தைக்கு வளைகுடாவில் வேலை நிலைக்காமல் போயிருக்கும்; தாம் தற்காலிக விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் ஆட்குறைப்பு நிகழ்ந்திருக்கும். இவ்வினாவுக்கு “எப்படியும் முடித்துவிடு” என்று விடை கூறுவது ஆசிரியர்க்கு எளிது. மாணவர்க்கு அஃது எளிதன்று. ஆய்வை இடைநிறுத்துவதில் இழிவேதும் இல்லை, ஆனால் எழுத்துவழி அனுமதி பெறாமல் நிறுத்துதல் கூடாது என்பதே என் கருத்து.

நம் இலக்கிய வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. உமறுப்புலவர் வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் சீறாப்புராணத்தைப் பாடத் தொடங்கினார் என்பதும், நூல் முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவளிக்கப் பணி தொடர்ந்தது. அவர் புகழ் நூலினுள்ளேயே பேசப்படுகின்றது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள் கிடைத்தும் நாயகத்தின் வாழ்வு முழுமையும் அதில் அடங்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச்சீறாவாகப் பாடினார். புரவலர் மறைந்ததும் பணி தடைப்பட்டதற்காகப் புலவரை யாரும் பழித்ததில்லை. அடுத்த புரவலர் யார் என்பதே அன்றைய வினாவாக இருந்தது.

இன்றும் முதலில் கேட்க வேண்டியது அதுவே. இந்த ஆண்டுகளின் செலவை யார் சுமக்கின்றார்? பல்கலைக்கழக நல்கைக்குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. இத்தொகை பெறும் ஒருவர் பொருளாதாரம் தளர்ந்துள்ளதென அஞ்சி, தொகுப்பூதிய வேலை ஒன்றுக்காக ஆய்வை விட்டுச் செல்வதை நான் ஏற்கமாட்டேன். நெருக்கடிக் காலத்தில் மாதந்தோறும் வரும் உதவித்தொகையும் ஒரு வருவாயே. ஆனால் தமிழ் ஆய்வாளருள் இத்தொகை பெறுவோர் சிலரே.

சிறுபான்மைச் சமுதாய மாணவர்க்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகைத் திட்டம், பிற திட்டங்களோடு ஒத்திருக்கின்றது என்னும் காரணம் காட்டி, 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. ஒத்திருந்தது உண்மையாகவே இருக்கட்டும். இரு வாயில்களில் ஒன்றை அடைத்த பின்னர் மற்றதில் நெரிசல் மிகும் அன்றோ? நம்மையொத்த கல்லூரிகளின் ஆய்வு மாணவர்க்கு அது பேரிழப்பு. இத்தகைய உதவி ஏதுமின்றி, தாயின் நகையை அடகு வைத்தும் தம்பியின் படிப்பைத் தள்ளி வைத்தும் ஓர் ஆய்வு நடைபெறுமானால், அதனை ஓராண்டு நிறுத்துவதே அறம் என்பேன்.

எங்கள் தலைமுறைக்கு ஒரு வசதி இருந்தது. முதுகலை முடித்தோர் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை ஓராண்டில், ஒரு சிறு ஆய்வேட்டோடு பெற்றனர். அதற்குமேல் செல்ல இயலாதவர் அந்த அளவில் நின்றாலும் கையில் ஒரு பட்டம் இருந்தது. அதனைக் கொண்டே கல்லூரியில் நுழைந்தோர் பலர். நானும் அவ்வரிசையில் வந்தவனே. 2022ஆம் ஆண்டு நல்கைக்குழு நெறிமுறைகள் அப்பட்டத்தை நீக்கிவிட்டன. அப்பட்டத்தின் தரம் குறித்த குறைகள் பல சொல்லப்பட்டன. சிலவற்றை நானும் ஒப்புவேன். எனினும் படிக்கட்டின் நடுவே இளைப்பாறுதற்கு இருந்த திண்ணை அது. இன்று மூன்றாம் ஆண்டில் ஆய்வை நிறுத்தும் மாணவர் கையில் எப்பட்டமும் இல்லை. ஆதலின் நிறுத்துவதற்கு முன் அவர் மிகுதியாகக் கணக்கிட வேண்டியவராகின்றார்.

அக்கணக்கின் முதல் எண் ஆறு. அந்நெறிமுறைகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு. மறுபதிவின்வழி இரண்டாண்டு கூடலாம். பெண்களுக்கும் நாற்பது விழுக்காட்டிற்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உடையோர்க்கும் மேலும் இரண்டாண்டு உண்டு. ஆறாண்டும் எண்ணப்படுவது சேர்க்கை நாளிலிருந்து. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கு மகளிர்க்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. குடும்பத்தின் பொருள் முட்டுப்பாட்டுக்கு அத்தகைய விடுப்பு அதில் இல்லை. 2020இல் தொற்றுநோயால் நூலகங்கள் மூடப்பட்டபோது நல்கைக்குழு ஆய்வாளர்க்கு ஆறு திங்கள் கால நீட்டிப்பு வழங்கியது. நாடு முழுவதற்கும் வந்த துன்பம் அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வீட்டிற்குள் மட்டும் வந்த துன்பத்தை மாணவர்தாம் விண்ணப்பம் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

அவ்விண்ணப்பத்தைத்தான் நம் மாணவர் எழுதுவதில்லை. கட்டணம் ஓர் ஆண்டு தவறும், நெறியாளரைக் காண வெட்கமாயிருக்கும், காணாதிருப்பர், அடுத்த ஆண்டு அபராதத்தோடு கட்டணம் இரட்டிக்கும், பதிவு தானே வீழ்ந்துவிடும். ஆய்வைக் கைவிடுவதென்று எந்த நாளிலும் அவர்கள் முடிவு செய்திருக்கமாட்டார்கள். இடைவெளிக்கு அனுமதி உண்டா, எத்துணைக் காலம், அது ஆறாண்டில் கழிக்கப்படுமா என்பன பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடலாம். நேரில் சென்று கேட்டு, எழுத்தில் பெறுதல் வேண்டும். நெறியாளர் ஓய்வுபெறும் ஆண்டையும் உடன் கேட்டுக்கொள்ளல் நன்று. ஓய்வுக்குப் பின் அவர் இணைநெறியாளராகவே தொடர இயலும்.

எந்த ஆண்டில் நிறுத்துகின்றோம் என்பதும் கருதத்தக்கது. பயிற்சித்தாள்களை முடித்த முதல் ஆண்டின் இறுதியில் நிறுத்தினால் இழப்புக் குறைவு. ஐந்தாம் ஆண்டில், நான்கு இயல்கள் எழுதி முடித்த நிலையில் நிறுத்துதல், அறுவடைக்கு முன் வயலை விட்டுப் போதல் போன்றது. அந்நிலையில் கடன் வாங்கியேனும் முடிப்பது மேல். இடைப்பட்ட காலத்தில் இருப்போர்க்கு வேறொரு வழியும் உண்டு. முழுநேரப் பதிவைப் பகுதிநேரமாக மாற்ற இயலுமா என்று கேட்கலாம். பணியிடத்தின் தடையில்லாச் சான்று அதற்கு வேண்டும். வேதியியல் மாணவர்க்கு ஆய்வுக்கூடம் இன்றியமையாதது. தமிழ் ஆய்வாளர் இரவில் இரண்டு மணி நேரம் மூலநூலோடு அமர்ந்தாலும் ஆய்வு நகரும்.

ஆனால் காத்திராதன சில நம் துறையில் உண்டு. அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் வீட்டுப் பரண்களில் பூச்சிக்கு இரையாகின்றன. கிஸ்ஸாவும் முனாஜாத்தும் மனப்பாடமாய் அறிந்த முதியோர் நம் பட்டத்துக்காகக் காத்திருக்கமாட்டார்கள். ஆய்வை நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலையில், களப்பணியையும் படியெடுத்தலையும் முதலில் முடித்துவிட்டு நிறுத்துக. எழுதும் பணி ஈராண்டு கழித்தும் நடைபெறும்.

மாணவியர் நிலை வேறு. ஓர் ஆண்மகன் ஆய்வை நிறுத்தினால் “வேலைக்குப் போயிருக்கின்றான், பிறகு முடிப்பான்” என்பர். ஒரு பெண் நிறுத்தினால் வீட்டார் அதனை முடிவாகவே கொள்வர். அடுத்த திங்களே மாப்பிள்ளை வீட்டார் வருவர். திரும்பி வந்த மாணவியரை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே மாணவியர் கேட்கும்போது என் விடை சற்றுக் கடுமையாகவே இருக்கும்: திரும்பும் நாளைக் குறித்து, நெறியாளர் ஒப்பத்தோடு, பெற்றோருக்கும் ஒரு படி கொடுத்துவிட்டு நிறுத்துக. தாளில் ஒரு தேதி இருந்தால், திருமணப் பேச்சின்போது அதனை எடுத்துக் காட்டவேனும் உதவும்.

2023இல் வந்த திருத்தம், உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை, தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறுதலே போதும் என்றது. ஆய்வை நிறுத்துவோர் அந்த ஓராண்டில் இத்தேர்வுக்கு முயலலாம். வேலைக்காக மட்டுமே ஆய்வுக்கு வந்தவர்க்கு இஃது ஒரு விடுதலையும் ஆகும். அவர்களைக் குறைகூற நான் ஒருப்படேன்.

கல்லூரியும் ஒன்று செய்யலாம். பதிவை முறைப்படி இடைநிறுத்தியவர்க்கு நூலக அட்டையைத் திரும்பப் பெறும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வாறின்றி ஈராண்டு வரை அவ்வட்டை செல்லுமாறும், அக்காலத்துக்குரிய துறைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறும் நிருவாகத்தார் ஆணையிட வேண்டும். முன்னாள் மாணவர் மன்றம் ஆண்டுக்கு இரண்டு ஆய்வேடுகளின் தட்டச்சு, கட்டமைப்புச் செலவை ஏற்பதும் பெருந்தொகை ஆகாது. அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இவ்விரண்டையும் சேர்க்குமாறு துறையின் சார்பில் விண்ணப்பிக்கலாம் என்பது என் எண்ணம்.