நகர்வு நமது, மொழி எவருடையது?



சதுரங்கம் என வடசொல்லால் வழங்கப்பெறும் நாற்படையாட்டத்தில் தமிழன் எவர்க்கும் இளைத்தவனல்லன். 1961-இல் மானுவேல் ஆரோன் பன்னாட்டு வல்லுநர் பட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதற் பெற்றார். 1988-இல் விசுவநாதன் ஆனந்து இந்நாட்டின் முதற் பெருவல்லுநரானார். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆம் ஒலிம்பியாடு நடந்தது. 2024-இல் குகேசு தம் 18-ஆம் அகவையிலேயே சிங்கப்பூரில் உலக வாகை சூடினார். இத்தனையும் நம் மண்ணின் மூளை ஈட்டிய வெற்றிகள்!

ஆயின், இவ்வெற்றிகளைக் கண்டு பலகைமுன் அமர்ந்த சிற்றூர்ச் சிறுவனுக்கு ஓர் ஐயம் எழுமாயின், அவன் அதனை எம்மொழியில், எவரிடம் வினவுவான்? தமிழில் தொடக்க நூல்கள் சில உள. நூலோ தான் சொல்லக் கருதியதையே சொல்லும். படிப்பவன் உள்ளத்தில் புதிதாய் முளைக்கும் ஐயத்திற்கு விடையிறுக்காது. பணமுடையோன் பயிற்றுநரை அமர்த்திக்கொள்வான். ஆங்கிலம் அறிந்தோன் அயலாரைக் கேட்பான். இரண்டும் இல்லாதவன் வாய்மூடி எழுந்து போகவேண்டியதுதானா? ஆட்டக்காரர் கேட்கவும் ஆட்டக்காரரே விடை கூறவுமான வினாவிடை மன்றம் ஒன்று தூய தமிழில் தொடங்கப்பெறல் வேண்டும் என்பது இதனாலேயே.

"ஆட்டம் உலகப் பொது, அதற்கு மொழி எதற்கு?" என்பர் சிலர். உலகைப் பார்த்துப் பேசட்டும்! பண்டு யானையாயிருந்த காயை ஆங்கிலர் தம் கோயிற் பேராயர் ஆக்கிக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் கோமாளி என்றனர். செருமானியர் ஓடுபவன் என்றனர். உருசியரோ இன்றும் யானை என்றே அழைக்கின்றனர். பிடே எனப்பெறும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் சட்டமே, ஆட்டக்குறிப்பு எழுதுங்கால் காய்களுக்குத் தத்தம் நாட்டில் வழங்கும் பெயரின் முதலெழுத்தை ஆளலாம் என்று இசைவளிக்கிறது. உலகம் தந்த உரிமையைத் தமிழன் எடுத்துக்கொள்ளவில்லை. தடுத்தவர் எவருமிலர், அவனது அடிமை மனத்தைத் தவிர!

1972-இல் உலக வாகை சூடிய அமெரிக்கர் பாபி பிசர், உருசிய ஆட்டநூல்களையும் இதழ்களையும் படிப்பதற்காகவே உருசியம் கற்றார். அறிவு எம்மொழியில் குவிகிறதோ அம்மொழியை நோக்கி உலகம் நடந்து வரும். வாகை சூடியோர் நம்மவர். அவர்தம் ஆட்டத்தின் விளக்கமோ அயல்மொழியில் குவிகிறது. விளைச்சல் நமது, களஞ்சியம் பிறனது எனின், இதனினும் பேதைமை உண்டோ?

"தமிழில் சொல் இல்லையே" என்பது அடுத்த முணுமுணுப்பு. இதோ ஒரு வினா: மூலைக்காய் பகைவனின் தாக்குதலுக்கு உட்பட்டிருக்கையில் கோட்டை கட்டலாமா? விடை: கட்டலாம். தடை அரசனுக்கே உரியது. அவன் நிற்கும் கட்டம், கடக்கும் கட்டம், சென்றுசேரும் கட்டம் ஆகிய மூன்றும் தாக்குதலுக்கு உட்படாதிருத்தல் வேண்டும். இன்னொன்று: அரசன் முற்றுகையில் இல்லை, ஆயினும் ஆடவேண்டியவனுக்கு ஒழுங்கான நகர்வு ஒன்றேனும் இல்லை, தோற்றவன் எவன்? எவனுமில்லை, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். இவற்றுள் எவ்விடத்தில் தமிழ் தடுக்கி விழுந்தது?

மூலைக்காயை யானை என்பாரும், கோட்டை என்பாரும், தேர் என்பாரும் நம்மிடையே உளர். இவற்றுள் எது நிலைக்க வேண்டும் என்பதை நாலுபேர் அமர்ந்த குழு முடிவு செய்துவிட இயலாது. நூறு பேர் வினவி நூறு பேர் விடை சொல்கையில் பொருந்திய சொல் தானே நிலைபெறும். இதனை நம்மவர்க்கும் சேர்த்தே சொல்கிறோம்: சொல்லாக்கப் பட்டியல் அச்சிட்டுவிட்டு அகன்றுவிடுதல் தமிழ்த்தொண்டு ஆகாது. வழங்காத சொல், உறையிலேயே துருவேறும் வாள்!

கணிப்பொறி இருக்க மன்றம் எதற்கு என்று வினவலாம். கணிப்பொறி சிறந்த நகர்வைக் காட்டும். ஏன் என்று கேட்டால் ஓர் எண்ணை நீட்டும். அவ்வெண்ணின் பின்னுள்ள கரணியத்தைத் தோற்றுத் தேர்ந்த மாந்தனே மாந்தனுக்கு விளக்கவல்லான். அவ்விளக்கம் தாய்மொழியில் அமையுமாயின் ஒருமுறையிலேயே நெஞ்சில் தைக்கும்.

மன்றத்திற்கு வேண்டுவன பொருட்குவையும் மாளிகையும் அல்ல. ஊர்ப் படிப்பகத்தில் ஒரு பலகையும் ஒரு குறிப்பேடும் போதும். வினவுவோன் காய்நிலையைத் தெளிவுறக் குறிக்கட்டும்; விடைகூறுவோன் கரணியத்தோடு கூறட்டும்; பிழைபட்ட விடையைப் பிறர் வெளிப்படத் திருத்தட்டும்; ஒருமுறை தீர்ந்த ஐயம் பின்வருவோர்க்கும் பயன்படுமாறு வகைப்படுத்தி வைக்கப்பெறட்டும். தொடக்கநிலைச் சிறுவனின் எளிய வினாவை எள்ளி நகைப்பவனுக்கு அங்கு இடமில்லை. ஓரூர்க் குறிப்பேடு அடுத்த ஊர்க் குறிப்பேட்டோடு இணையட்டும்; ஆட்டநூல் ஒன்று தமிழில் தானே உருப்பெறும்.

தோழர்களே! பட்டம் பெற்ற ஆட்டக்காரர்கள் திங்களுக்குப் பத்து வினாக்களுக்குத் தமிழில் விடை எழுதுக! தமிழறிந்தோர் அவ்விடைகளின் நடையைச் செப்பம் செய்க! பலகை விரிந்து கிடக்கிறது; முதல் நகர்வு நம்முடையது. கடிகை ஓடிக்கொண்டிருக்கிறது, கைகட்டி அமர்ந்திருப்பவன் காய் ஒன்றும் இழவாமலேயே தோற்பான்!