சாக்கடைக்கு எல்லை தெரியுமா?

தோல் ஷாப்புக் கழிவுநீரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்போ ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அதில் நம்ம திண்டுக்கல்லும் உண்டு!

இங்கே நகருக்கு நகர் சங்கம் இருக்கிறது, மனுவும் தனித்தனிதான். மேட்டு நகர்க்காரங்க மட்டும் சாக்கடை கட்டிக்கிட்டா, தண்ணி கீழே இருக்கிற எங்க தெருவுக்குத்தானே வரும்? வந்தது. போன மழைக்கு முழங்கால் அளவு!

2022 நவம்பர் 1-ல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அடுத்த கூட்டத்துக்காவது நாலு சங்கமும் ஒரே வரைபடத்தோடு போகட்டும். லெவல் எடுக்க ஆளா இல்லை? சிவில் பிரிவு நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்க. ஸ்டாஃப் பிடிக்க நான் வர்றேன்.