உபயம் பெயர்களும் பாதம் கழுவும் தண்ணீரும்

கோயில் பெஞ்சிலே பெயர், மின்விசிறி இறக்கையிலே பெயர், கெபியின் சலவைக்கல்லிலே தாத்தா முதல் பேரன் வரை பெயர். டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் போக மிச்சம்தான் வெளிச்சம். இது எல்லா மதத்திலும் உண்டு என்று தப்பித்துக்கொள்ள வேண்டாம். நான் கிறிஸ்தவன், நம் வீட்டுக் கணக்கைத்தான் பேசுகிறேன். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றவருடைய வீட்டில்தான் இத்தனை கல்வெட்டும்!

"பெயர் போட்டால்தானே நாலு பேர் கொடுப்பார்கள்?" என்பார்கள். அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வரவை எழுதாமல் செலவை மட்டும் காட்டும் பதிவேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். கோயிலுக்குக் கொடுத்ததைக் கல்லில் வெட்டுகிறோம். கடவுளிடம் வாங்கியதை எங்கே எழுதினோம்? உயிர், உடம்பு, படிப்பு, பிள்ளைகள், இன்று காலை எழுந்தது எல்லாமே வரவுப் பக்கம். அதை நேர்மையாக எழுதிப் பார்ப்பவனுக்குப் பெருமை எங்கிருந்து வரும்?

நன்றி சொன்னால் மட்டும் போதுமா? போதாது. லூக்காஸ் சுவிசேஷத்தில் வரும் பரிசேயனும் நன்றியோடுதான் ஜெபத்தைத் தொடங்குகிறான். ஆனால் அடுத்தவனைப் போல் தான் இல்லை என்பதற்கு அந்த நன்றி. பின்னால் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரனிடம் காட்டுவதற்கு எதுவுமில்லை. அவனே நீதிமானாக வீடு திரும்பினான். பிரெஞ்சில் நன்றிக்கு 'மெர்சி' என்கிறோம். அந்தச் சொல்லுக்கு இரக்கம் என்ற பழைய பொருளும் உண்டு. இரக்கம் பெற்றவன் சொல்வதுதான் நன்றி. தகுதிக்குக் கிடைத்தது என்று நினைப்பவன் சொல்வது வெறும் ரசீது.

தாழ்மையையும் நாம் விட்டுவைக்கவில்லை. பேனரில் தன் முழு உருவப் படத்துக்குக் கீழே 'எளியவன்' என்று போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதில் சில பங்குகளில் நடக்கும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சி போட்ட வேட்டியோடு, வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய கால்களோடு வந்து உட்காருகிறார்கள். ஆண்டவர் அடிமையின் வேலையைச் செய்து காட்டினார். நாம் அதைப் பதவியாக்கிவிட்டோம்! 2013-ல் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியின் சிறார் சிறைக்குப் போய், முழங்காலிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். இரண்டு பெண்களும் அதில் உண்டு. கிறிஸ்தவர் அல்லாதவரும் உண்டு.

நம் புதுச்சேரிக்கு இது புதிய நோயல்ல. 1745-ல் இங்கே கோயிலுக்குள் சாதி பிரித்த சுவரை இடித்தபோது எழுந்த கூச்சலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். செங்கல் சுவர் போயிற்று. முன்வரிசை நாற்காலியும் சலவைக்கல் பெயரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆகவே பங்குப் பேரவையினருக்கு என் கோரிக்கை இரண்டுதான். இனி எந்தக் காணிக்கைக்கும் பெயர் பொறிக்க வேண்டாம். கொடுத்தவரைக் கொடுக்க வைத்தவருக்குத் தெரியும். வருகிற பெரிய வியாழனுக்குக் கல்லறையில் குழி வெட்டுகிறவரையும், கோயில் கூட்டும் அம்மாவையும், நம் தெருச் சாக்கடையில் இறங்குகிறவரையும் அழையுங்கள். வழக்கமாக உட்காரும் பெரியவர்கள் தண்ணீர்ச் செம்பையும் துண்டையும் பிடிக்கட்டும்.