வயலை விற்றவன் கையில் வெறுங் காகிதமா?

சம்மாந்துறைக் கண்டங்களிலும் நிந்தவூர் வெளிகளிலும் கைமாறும் வயற்காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். முன்னொரு காலம் சீதனத்துக்கும் வழக்குச் செலவுக்கும் காணி போயிற்று. இன்று மகனையோ மகளையோ வைத்தியராக்குவதற்கும் போகின்றது. இதை நாம் குறைகூற வரவில்லை. பிள்ளையின் கல்விக்காகப் பரம்பரை நிலத்தை எழுதிக் கொடுக்கத் துணியும் வாப்பா எமது மதிப்புக்குரியவர். அவருடைய துணிவை விலைபேசும் தரகர் கூட்டத்தையும், அக்கூட்டத்தைக் கண்டும் காணாதிருக்கும் அரசையுமே நாம் சாடுகின்றோம்.

'இசட் புள்ளி போதவில்லையா? கவலை வேண்டாம், ஆறே ஆண்டில் டாக்டர்!' என்பது இவர்கள் பல்லவி. சீனாவாம், வங்காளதேசமாம், ரஷ்யாவாம், ஜோர்ஜியாவாம்! பட்டம் கிடைப்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் பட்டம் வேறு, பதிவு வேறு. இந்த ஒரு வசனத்தைத் தரகர் வாயிலிருந்து வரவழைப்பது கல்லில் நார் உரிப்பதாகும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டில் பயின்று வருபவர் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையிலே தேறவேண்டும். தேறாதவர் இந்நாட்டில் ஒரு நோயாளியின் நாடி பிடிக்கவும் உரிமையற்றவர். 'அக்ட் 16' என மூத்தோர் அறிந்த அதே பரீட்சைதான், இன்று ஈ.ஆர்.பி.எம். என்கிறார்கள். அதற்கு உட்காரவே, பயின்ற கல்லூரி சபையின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். தேறிய பின்னும் உள்ளகப் பயிற்சிக்குச் சுகாதார அமைச்சின் நியமனம் வருமளவும் வீட்டிலே காத்திருக்க வேண்டும். வயலோ அதற்குள் மூன்றாங் கைக்கு மாறியிருக்கும்.

நாம் கேட்கின்றோம்: வளைகுடாவுக்கு வீட்டுப்பணிக்குச் செல்லும் எமதூர் ஏழைப் பெண்ணை அனுப்புவதற்கு முகவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. அச்சட்டம் அப்பெண்களை முற்றாகக் காத்துவிட்டது என்று சொல்ல நாம் பேதையரல்லர்; எனினும் முறையிட ஒரு பணியகமாவது இருக்கின்றது. ஒரு குடும்பத்தின் வயல் முழுவதையும் விழுங்கிவிட்டு, இருபது வயது நிரம்பாத பிள்ளையை ஆறாண்டுக்கு அனுப்புகிறவனை அச்சட்டம் தீண்டுவதில்லை. ஏன்? பிள்ளை 'தொழிலுக்கு' அல்ல, 'படிப்புக்கு'ப் போகின்றதாம்! இலட்சங்கள் கைமாறுவது இரண்டிலும் ஒன்றுதானே?

2020 மார்ச்சில் சீனா தன் எல்லையை அடைத்தது. 2022 வரை வெளிநாட்டு மாணவர் திரும்ப முடியாமல், நோயாளியின் படுக்கையருகே கற்கவேண்டியதைக் கணினித் திரையிலே கற்றனர். 2022இல் உக்ரேனிலே போர் மூண்டது. 2024இல் டாக்காவிலே கிளர்ச்சி வெடித்து மாணவர் உயிருக்கு அஞ்சி ஊர் திரும்பினர். நட்டம் எவர் தலையில் விழுந்தது? தரகுப்பணத்தில் ஒரு சதமேனும் குறைந்ததா?

'இங்கே தேறாவிட்டாலென்ன, இங்கிலாந்து இருக்கின்றது' என்பது இரண்டாவது தூண்டில். பிளாப் பரீட்சையின் முதற்பகுதியைக் கொழும்பிலே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்கே போகவேண்டும். அதற்கு முன் ஆங்கிலத் தேர்வு, ஐ.ஈ.எல்.டி.எஸ். எனில் மொத்தத்தில் 7.5 புள்ளி. இவ்வளவும் கடந்தால் கிடைப்பது பதிவு, வேலையன்று. 2025இல் அங்கே ஏறத்தாழ 10,000 சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவ்வாண்டு யூலையில் வெளியான பத்தாண்டுத் திட்டத்திலே, தம் நாட்டுப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்று அந்நாட்டு அரசு அறிவித்துவிட்டது. தன் வீட்டுப் பிள்ளையை முதலில் கவனிப்பதாக அவன் வெளிப்படையாகச் சொல்கின்றான். எமது அரசு எமது பிள்ளைக்கு என்ன சொல்கின்றது?

கிழக்கு மாகாணம் முழுமைக்கும் மட்டக்களப்பில் ஒரே அரச மருத்துவ பீடம். மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் தோன்றிய ஒலுவில் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பீடம் உண்டு, மருத்துவ பீடம் இல்லை. வாசலை இங்கே குறுக்கி வைத்துவிட்டு, 2022இன் நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் கூட்டங் கூட்டமாக நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்று கொழும்பிலே கண்ணீர் வடிக்கின்றார்கள்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நொத்தாரிசிடம் போகுமுன் மருத்துவ சபைக்கு எழுதுங்கள். கல்லூரியின் பெயரைக் குறித்து, பிள்ளையின் உயர்தரப் பெறுபேற்றையும் இணைத்து, அங்கீகாரமும் தகுதியும் உண்டா என எழுத்திலே பதில் கேளுங்கள். தரகர் காட்டும் அச்சுப்பிரதி பதிலாகாது. அங்கீகாரம் இல்லையெனில் பணத்தைத் திருப்புவேன் என்று அவர் கையொப்பமிடட்டும். மறுத்தால் அங்கேயே எழுந்து வாருங்கள்.

திகாமடுல்ல மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒன்று கூறுவோம். கல்வி முகவரும் அனுமதிப்பத்திரமும் பிணைப்பணமும் இன்றித் தொழில் நடத்தலாகாது என்று சட்டமியற்றுவது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. அதற்கொரு தனியார் பிரேரணையைக் கொண்டுவர உங்களில் எவர் முன்வருவீர்? முன்வருபவரின் பெயரை இப்பத்திரிகையிலே வெளியிடுவோம், முன்வராதவர்களின் பெயர்களையும்.