நந்தனிடம் எதைக் கற்பது?

"நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல" என்று முடியும் செய்தி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். மஞ்சளுக்கும் கோலத்துக்கும் ஓர் அறிவியல் விளக்கம், கடைசியில் இந்த வரி. அவர்கள் முட்டாள்களா என்பதல்ல என் கேள்வி. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யாருடைய தாத்தா இருக்கிறார்?

இப்படிப் பேசுகிறவர்கள் சேரிக்கென்று ஒரு முன்னோரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்: நந்தனார். பக்திக்குச் சாதி இல்லை, பொறுமையாக இருந்தால் இறைவனே அழைப்பான் என்பது அவர் வாழ்க்கை தரும் பாடமாம். சரி, அவர்கள் மேற்கோள் காட்டும் பெரியபுராணத்தையே திறந்து பார்ப்போம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதையில், ஆதனூர் நந்தன் கோயில்களுக்குப் பேரிகைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கும், நரம்பு உள்ளே இசைக்கும், மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கோரோசனை பூசைப் பொருளாகும். அவர் மட்டும் வாசலோடு நிற்க வேண்டும். திருப்புன்கூரில் சிவன் நந்தியைத்தான் விலகச் சொன்னார். நந்தனை உள்ளே வரச் சொல்லவில்லை. தில்லையிலோ கனவில் வந்து, தீயில் மூழ்கி வா என்கிறார். அந்தணர்களின் கனவிலும் தோன்றி நெருப்பு அமைக்கச் சொல்கிறார். தெற்கு வாயில் மதிலுக்கு வெளியே தீ மூட்டப்படுகிறது. நந்தன் அதில் இறங்கி, முப்புரிநூல் அணிந்த முனிவராக எழுகிறார். அதாவது, புலையராக அவர் கோயிலுக்குள் போகவே இல்லை. எரிந்தது சாதி அல்ல, நந்தனின் உடம்பு.

சேக்கிழார் இதை ஒளிக்காமல் எழுதி வைத்தார். மழுப்புகிறவர்கள் இன்றைய உபன்யாசகர்கள்தான்.

முன்னோர் சொன்னதை மாற்றக்கூடாது என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்கள் கச்சேரிகளில் கேட்டு உருகுவது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனைகளை. நந்தனை அடக்கி வைக்கும் வேதியர் என்ற பண்ணையார் பெரியபுராணத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரதி சேர்த்த பாத்திரம் அது. அவர் மாற்றினால் கலை, நாம் கேள்வி கேட்டால் நிந்தனை!

நம் முன்னோர்கள் இந்தக் கதையைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். வரலாற்று ஆய்வு படிக்கும் எனக்கு அதை அப்படியே ஆதாரமாக ஏற்பதில் தயக்கம் உண்டு. ஆனால், வாசலில் நிறுத்தப்பட்டவனை அரியணையில் அமர்த்தி, இவனை வீழ்த்தியது யார் என்று கேட்ட துணிச்சல் சாதாரணமானதல்ல. சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். நந்தனைத் தீயில் இறக்கிய அதே சிதம்பரத்தில், அதே நந்தனின் பெயரில், 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருடைய சைவப் பற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பள்ளியோடு உண்டு.

அம்பேத்கர்? 1927 டிசம்பர் 25இல் மகத்தில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது அவர் தலைமையில். அவரே 1948இல் வெளியான தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோக்காமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பழையது என்பதற்காக எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை, எதையும் தூக்கி எறியவும் இல்லை. எந்த நூல் மனிதனை இழிவாக்குகிறது, எந்த மனிதர் அந்த இழிவைச் சுமந்தார் என்று பிரித்துப் பார்த்தார்.

நந்தனிடம் பொறுமையைக் கற்றுக்கொள் என்று காலம்காலமாகச் சேரிப் பிள்ளைகளுக்கே சொல்கிறார்கள். இனி எந்தக் கல்லூரி மேடையிலாவது அது காதில் விழுந்தால், எழுந்து கேளுங்கள் தோழர்களே: அந்தத் தீயை மூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கதையிலிருந்து எதைக் கற்றுக்கொண்டார்கள்?