வாசல் முதல் பலிபீடம் வரை



சென்ற மாதம் குடிபாலாவில் அண்டை வீட்டார் இல்லத் திருமணத்திற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். திருமணம் கிறிஸ்தவ ஆலயத்தில் நடைபெற்றது. வாயிலருகே நின்ற கல்தொட்டியைச் சுட்டி, "அப்பா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று என் மகள் வினவினாள். தெலுங்குப் பள்ளியில் பயிலும் சிறுமி தமிழ்ப் பெயரைக் கேட்டது எனக்கு உவகை. விடை தெரியாமல் நின்றது வெட்கம். அருகிலிருந்த முதிய உபதேசியார் எங்கள் நிலை கண்டு, திருமணம் முடிந்தபின் ஆலயம் முழுவதையும் சுற்றிக் காட்டினார். அவர் உரைத்ததையே இம்மாதம் உங்களுக்கும் உரைக்கிறேன்.

மரபுவழி ஆலயம் கிழக்கு மேற்காக அமையும். வாயில் மேற்கே, பலிபீடம் கிழக்கே. ஆகவே உள்ளே நுழைவோர் கதிரவன் உதிக்கும் திசையை நோக்கி நடக்கின்றனர். வாயிலை ஒட்டி மணிக்கூண்டு உயர்ந்து நிற்கும். நாங்கள் கண்ட தொட்டி, ஞானஸ்நானத் தொட்டி. சபைக்குள் புகுவதற்கு ஞானஸ்நானமே வாசலாதலின், அதனை வாயிலருகே வைப்பது பழைய முறை.

அதனைக் கடந்தால் மக்கள் அமரும் நடுக்கூடம். இதனை ஆங்கிலத்தில் 'நேவ்' என்பர். கப்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடையது அது. தூண் வரிசைகளுக்கு அப்பால் இருபுறமும் பக்கக் கூடங்கள் உண்டு. பெரிய ஆலயங்கள் பலவற்றில் நடுக்கூடத்தின் முடிவில் வடக்கும் தெற்குமாக இரு கைகள் நீளும். மேலிருந்து நோக்கினால் கட்டடமே சிலுவை வடிவாய்த் தோன்றும்.

அப்பால் தரை சில படிகள் உயர்கிறது. ஒருபுறம் பிரசங்க பீடம். மறுபுறம் வேதம் வாசிக்கும் மேடை. அடுத்துப் பாடகர் குழுவினர் அமரும் பகுதி. அதன்பின் ஒரு கிராதி. அங்கே முழந்தாளிட்டு மக்கள் நற்கருணை பெறுவர். கிராதிக்குள்ளே பலிபீடம். சில சபையார் அதனைத் திருவிருந்து மேசை என்பர். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை எனப் படிப்படியாக உட்செல்லும் நம் கோயில்களை அறிந்தோர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று.

"இன்று மணமகள் வந்ததும் இந்த நடுப்பாதைதான், நாளை என் பெட்டி வருவதும் இதே பாதைதான்" என்றார் உபதேசியார். என் மகள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இவ்வடிவம் மேனாட்டிலிருந்து வந்ததுதானே, ஐயா?" என்று கேட்டேன். "ஒழுங்கு அங்கிருந்து வந்தது, உருவத்தை நம்மவரும் படைத்திருக்கிறார்கள்" என்று கூறி, தோர்ணக்கல் ஆலயத்தின் கதையைத் தொடங்கினார். விஜயவாடா–காசிப்பேட்டை இருப்புப்பாதையில் உள்ள தோர்ணக்கல் சந்திப்பைப் பணி நிமித்தம் பன்முறை கடந்தவன் நான். அவ்வூரின் பெருமையை அன்றுதான் அறிந்தேன்.

திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909இல் தோர்ணக்கல் சென்று, தெலுங்கைக் கற்று, அம்மொழியிலேயே போதித்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் எழுப்பிய பேராலயம் 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களும், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும் மினார்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. சுற்றிலும் வாழ்ந்தோர்க்கு அந்நியமாய்த் தோன்றாத ஓர் இல்லத்தை, பிறவூரிலிருந்து வந்த தமிழர் ஒருவர் கட்டினார். 1945இல் அவ்வூரிலேயே உயிர் நீத்தார்.

வீடு திரும்பியதும் என் மகள் குறிப்பேட்டில் இரு பத்தி வகுத்து, ஒன்றில் தமிழ்ப் பெயர்களையும் மற்றதில் தெலுங்குப் பெயர்களையும் எழுதலானாள். பலிபீடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது கண்டு அவள் சிரித்தாள். தெலுங்குப் பத்தியை அவளே நிரப்பினாள். தமிழ்ப் பத்திக்கு நான் உபதேசியாரை நாட வேண்டியிருந்தது.

அன்பர்களே, கோயிலுக்கோ, ஆலயத்துக்கோ, பள்ளிவாசலுக்கோ பிள்ளைகளுடன் செல்லும்போது சற்றே நின்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். தெரியாவிடில் ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். சொல்லித்தர அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.